ஸ்கோப் முடிந்த இரவில் இடது தோள் வலித்தால்

காலை எட்டரைக்கு ஸ்கோப், அதாவது ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலொனோஸ்கோபி. பதினொன்றுக்கு ஒரு கோப்பை மைலோவும் இரண்டு பிஸ்கட்டும். மத்தியானம் ஒரு மணிக்கு வீடு. அம்மா கொஞ்சம் சோறும் ரசமும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். மாலை ஐந்து மணிக்கு எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்கிறார்.

"காத்து போச்சாம்மா?"

"ரெண்டு தடவ போச்சு. ஆனா வலி போகல. இந்தப் பக்கம் என்னமோ இழுத்துப் புடிக்குது." கை இடது விலாவுக்குக் கீழே இருக்கிறது.

மகள் ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கிறாள். எட்டு மணிக்கு இடது தோள்பட்டை வலிக்கிறது என்கிறார். காலையில் அந்தக் கட்டிலில் இடது பக்கமாகவே படுத்திருந்ததால் இருக்கும் என்று தைலம் தேய்க்கிறார்கள். பத்து மணிக்குக் கழிவறைக்குப் போக எழுந்தவர், இரண்டு அடி வைத்ததும் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிடுகிறார். நேற்று முழுக்கப் பேதி மருந்து குடித்து வயிற்றைக் கழுவியவர், சோர்வு இருக்கத்தானே செய்யும் என்று மறுபடி படுக்க வைக்கிறார்கள்.

குறிப்பிட்ட ஒரு குடும்பத்தில் நடந்தது என்று இதைச் சொல்லவில்லை. கொலொனோஸ்கோபியில் மண்ணீரல் கிழிந்தவர்களின் முதல் மாலைப்பொழுது பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகிறது. வயிற்று வலிக்குக் காற்று, தோள் வலிக்குப் படுக்கை, மயக்கத்துக்குப் பேதி மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் கைவசம் ஒரு காரணம் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த நான்கைந்து மணி நேரத்தில்தான் ஆட்கள் கைவிட்டுப் போகிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது மிக மிக அரிது. மருத்துவ ஏட்டில் இப்படி ஒரு காயம் முதன்முதலாகப் பதிவானதே 1974-இல்தான். கூடுதலாகச் சொல்லும் கணக்குகளும் பத்தாயிரம் ஸ்கோப்புக்கு ஒன்று, இரண்டு என்ற அளவிலேயே நிற்கின்றன. மலேசியாவில் அதிகம் காணப்படும் முதல் மூன்று புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. அரசாங்க கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் சோதனையில் பாசிட்டிவ் வந்து, ஸ்கோப்புக்குக் கடிதம் கொடுத்திருந்தால் போய்ச் செய்துகொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு யாராவது தேதியைத் தள்ளிப்போட்டால் எழுதியதே வீண். ஸ்கோப் செய்துகொண்ட பிறகு என்ன பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டுமே இது.

சுவரொட்டியும் குழாயும்

ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டியைக் கழுவி நறுக்கியவர்களுக்கு மண்ணீரல் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. மேலே மெல்லிய தோல், உள்ளே ரத்தம் ஊறிய பஞ்சு. கத்தி நுனி பட்டால் போதும், கசிந்துகொண்டே இருக்கும். மனிதருடைய மண்ணீரல் ஏறத்தாழ 150 கிராம். இடது பக்கம் 9 முதல் 11-ஆம் விலா எலும்புகளுக்கு உள்ளே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை ஒட்டி ஒளிந்திருக்கிறது. கையளவு உறுப்புதான் என்றாலும் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் இருபதில் ஒரு பங்கு அதன் வழியே ஓடுகிறது. நிமிடத்துக்குக் கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே கிழிசல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பெருங்குடல் ஆசனவாயிலிருந்து இடது பக்கமாக மேலே ஏறி, மண்ணீரலுக்குக் கீழே வந்ததும் வலது பக்கம் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தைக் குடலின் மண்ணீரல் வளைவு என்பார்கள். வளைவையும் மண்ணீரலையும் சேர்த்துக் கட்டியிருக்கும் மெல்லிய தசைநார் ஒன்று உண்டு. கதை முழுக்க அந்த நாரில்தான் இருக்கிறது.

ஸ்கோப் என்பது விரல் தடிமனுள்ள, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளக் குழாய். அது இடுப்புக்குள் இருக்கும் நெளிந்த குடல் பகுதியில் நுழையும்போது சுருண்டுகொள்ளும். வெளியே எவ்வளவு தள்ளினாலும் நுனி முன்னே போகாது, சுருள்தான் பெரிதாகும். அப்போது டாக்டர் நுனியை மண்ணீரல் வளைவில் கொக்கிபோல மாட்டிக்கொண்டு, குழாயைத் திருகியபடி பின்னால் இழுத்துச் சுருளை நேராக்குவார். இது எல்லா ஸ்கோப்பிலும் நடக்கிற வழக்கமான வேலை, தவறு ஒன்றும் இல்லை. இழுக்கும்போது வளைவும் சேர்ந்து கீழே வருகிறது. நார் தளர்வாக இருந்தால் அது தாங்கும். முன்பு செய்த ஆபரேஷனாலோ பழைய அழற்சியாலோ அந்த இடம் மண்ணீரலோடு ஒட்டிப்போயிருந்தால், இழுப்பு முழுவதும் மண்ணீரலின் மேல்தோலில் போய் விழும். குழாய் முன்னேறுவதற்காக மிஸ்ஸி (நர்ஸ்) வெளியிலிருந்து வயிற்றை அழுத்துவதும் சில சமயம் அந்த இழுப்பைக் கூட்டிவிடுகிறது.

தோல் கிழிந்தால் ரத்தம் நேராக வயிற்றறைக்குள் ஓடும். அப்படிப்பட்ட நோயாளிக்குச் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். தோல் கிழியாமல் உள்ளே மட்டும் காயம் என்றால் ரத்தம் தோலுக்கு அடியிலேயே தேங்கி, பலூன்போல உப்பும். முதல் நாள் லேசான வலியோடு நடமாடுவார். இரண்டாம் நாளோ நான்காம் நாளோ, இருமும்போதோ குனியும்போதோ அது உடையும். பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் அறிகுறி வந்துவிடுகிறது என்றாலும், சில நாள் கழித்து, அபூர்வமாக ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து வந்தவர்களும் இருக்கிறார்கள். 'நேற்றே நல்லாத்தானே இருந்தாரு' என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது.

தோள் ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். சிந்திய ரத்தம் உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்துத் தண்டிலிருந்து இறங்குகிறது. தோளின் மேல்தோலுக்குப் போகும் நரம்புகளும் அங்கிருந்தேதான் கிளம்புகின்றன. அதனால் மூளை வலியை இடது தோளில் வைத்துக் காட்டுகிறது. இதற்கு கேர் அடையாளம் என்று பெயர். தசைப்பிடிப்பிலிருந்து இதைப் பிரித்தறிய வீட்டிலேயே வழி உண்டு. கையைத் தூக்கிச் சுழற்றச் சொல்லுங்கள், தோளை அமுக்கிப் பாருங்கள். பிடிப்பாக இருந்தால் வலி மாறும். மண்ணீரல் வலி அதற்கெல்லாம் அசையாது. மல்லாந்து படுத்தால் கூடும், மூச்சை ஆழமாக இழுத்தால் சுருக்கென்று குத்தும். அப்படிப்பட்டவர்கள் படுக்கவே பிடிக்காமல் எழுந்து எழுந்து உட்காருவார்கள்.

யாருக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்? வயிற்றில் முன்பு ஆபரேஷன் ஆனவர்கள், கணைய அழற்சியோ குடல் அழற்சி நோயோ வந்துபோனவர்கள், ஈரல் நோயாலோ தலசீமியா போன்ற ரத்த நோயாலோ மண்ணீரல் வீங்கியவர்கள், வார்ஃபரின், குளோபிடோகிரெல், அபிக்ஸபான் போன்ற, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள். பதிவான நோயாளிகளில் பெண்களே அதிகம். ஆனாலும் இவற்றில் ஒன்றுமே இல்லாத, பாலிப் (குடலின் உள்சுவரில் வளரும் சிறு கட்டி) எதுவும் வெட்டாத, சுலபமாக முடிந்த ஸ்கோப்பிலும் இது நடந்திருக்கிறது. 'சும்மா பார்த்தாங்க, ஒண்ணும் வெட்டல' என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

ஸ்கோப்புக்கு முன்னே

அப்பாய்ண்ட்மெண்ட் அன்று டாக்டரிடம் கொடுக்க ஒரு தாள் தயார் செய்யுங்கள். பழைய ஆபரேஷன் எது, எந்த ஆண்டு, என்னென்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசி ரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று இருந்தால் போதும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாக மறுபடி தொடங்கவும் வேண்டாம். எதை எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும், எந்தத் தேதியில் திரும்பத் தொடங்க வேண்டும் என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள். இரண்டாவதைக் கேட்க மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

குடலை ஊத எதைப் பயன்படுத்துகிறார்கள் என்றும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், சாதாரணக் காற்றா, கார்பன் டை ஆக்சைடா என்று. கார்பன் டை ஆக்சைடு உடம்பில் சீக்கிரம் கரைந்து மூச்சு வழியே போய்விடும். அதைப் பயன்படுத்திய பிறகும் மாலைவரை உப்புசமும் வலியும் நீடித்தால், 'காத்துதான்' என்று சொல்ல இடமில்லை.

ஸ்கோப் அன்று காலை, வீட்டிலிருக்கும் பிரஷர் மெஷினில் அளந்து மேல் அளவு, கீழ் அளவு, நாடித்துடிப்பு மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை. இரவு பதினொரு மணிக்கு ஏதாவது ஆனால், ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே அளவு அதுதான்.

இன்னொரு விஷயத்தை நான் ரொம்பவும் வற்புறுத்திச் சொல்வேன். துணைக்கு வருகிறவர் காரிலேயே காத்திருக்கக் கூடாது. தூங்கவைக்கப் போடும் மிடாஸோலாம் ஊசி, அதற்குப் பிறகு காதில் விழுவதையெல்லாம் அழித்துவிடும். மிஸ்ஸி கண்ணைப் பார்த்துத் தெளிவாகச் சொன்ன அறிவுரை வீடு போய்ச் சேரும்போது நோயாளி மனதில் இருக்காது. தலையை ஆட்டியிருப்பார், சிரித்தும் இருப்பார், ஆனால் ஒரு வார்த்தைகூட நினைவிருக்காது. கூட வந்தவர் உள்ளே போய் நின்று கேட்க வேண்டும். ஸ்கோப் சிரமமாக இருந்ததா, வளைவில் அதிகம் இழுக்க வேண்டியிருந்ததா, ஏதாவது வெட்டினார்களா, இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது என்ற நான்கையும் அவர் கேட்டு வர வேண்டும். வலி மருந்தும் ஊசியோடு சேர்ந்து போயிருக்கும் என்பதால், முதல் சில மணி நேரம் வலி இல்லை என்பதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது.

அந்த இரவு

காற்று வலி இடம் மாறும். ஒருமுறை தொப்புளைச் சுற்றி, ஒருமுறை அடிவயிற்றில் என்று வந்து வந்து போகும். நடந்தால், முழங்காலை மடக்கிப் படுத்தால், காற்று பிரிந்தால் இளகும். நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே வரும். மண்ணீரல் வலி இடது விலாவுக்குக் கீழே ஒரே இடத்தில் குந்திக்கொள்ளும். நேரம் ஆக ஆகக் கூடும். காற்று பிரிந்தாலும் மாறாது.

மயக்கத்திலும் இதே வித்தியாசம் உண்டு. பேதி மருந்தால் வந்த சோர்வு என்றால், இரண்டு கோப்பை 100 பிளஸ் பானமோ உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரோ குடித்து ஒரு மணி நேரம் படுத்தால் தெளியும். உள்ளே ரத்தம் போகிறவருக்குத் தெளியாது. எழுந்தால் கண் இருட்டும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை, உதடு வெளுப்பு, சிறுநீர் குறைவு, காரணமில்லாத பதற்றம். 'என்னமோ பண்ணுது' என்பதற்கு மேல் அவரால் சொல்லத் தெரியாது. அந்தச் சொல்லை மதியுங்கள்.

மலத்தில் ரத்தம் வருகிறதா என்று பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். பாலிப் வெட்டிய இடத்தில் கசிந்தால்தான் ரத்தம் மலத்தோடு வரும். மண்ணீரலின் ரத்தம் குடலுக்கு வெளியே, வயிற்றறைக்குள் சேர்கிறது. ஒரு லிட்டர் உள்ளே தேங்கினாலும் கழிவறைத் தொட்டியில் ஒரு சொட்டும் தெரியாது.

பிரஷர் மெஷினை எடுங்கள். உட்கார வைத்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து ஒருமுறை. நிற்கவே முடியவில்லை என்றால் இரண்டாவதை விட்டுவிட்டு நேராக 999. நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டி அங்கேயே நின்றாலோ, மேல் அளவு 100-க்குக் கீழே வந்தாலோ, காலையில் எடுத்த அளவைவிட 30 குறைந்திருந்தாலோ கிளம்பிவிடுங்கள். வழக்கமாக 160 இருப்பவருக்கு 115 வந்தால் அது நல்ல பிரஷர் ஆகாது. பிசோபுரோலோல், மெட்டோபுரோலோல், அட்டெனோலோல் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு ரத்தம் போனாலும் நாடி ஏறாமல் 70-லேயே இருக்கலாம் என்பதால், அவர்கள் விஷயத்தில் நாடியை நம்பாதீர்கள். அளவெல்லாம் சரியாக இருந்தும் இடது மேல்வயிற்று வலியும் இடது தோள் வலியும் சேர்ந்து வந்தால், அதுவே போதுமான காரணம். மெஷின் அனுமதி கொடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக் கூடாதவை சில. வயிற்றில் விளக்கெண்ணெய் தேய்த்து உருவக் கூடாது, உருவுகிறவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும். ரத்தம் தேங்கி நிற்கும் இடத்தை அமுக்குவது, உடையப் போகும் பலூனைப் பிசைவது மாதிரி. பொன்ஸ்டன், வோல்டரன், இபுபுரோஃபென் வேண்டாம், அவை ரத்தக் கசிவைக் கூட்டும். பனடோல் இரண்டு போடலாம், ஆனால் போட்ட நேரத்தை எழுதிவைத்து அவசரப் பிரிவில் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப முடிவு செய்த நிமிடத்திலிருந்து சாப்பாடு, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் வெறும் வயிறுதான் நல்லது.

எந்த ஆஸ்பத்திரிக்கு? ஸ்கோப் செய்த இடத்துக்கே போக வேண்டும் என்று பட்டர்வொர்த்திலிருந்தோ பிறையிலிருந்தோ பினாங்குப் பாலத்து நெரிசலில் நிற்பது வீண். அவசரப் பிரிவும் சி.டி. ஸ்கேனும் இரவு முழுக்க ஓடும் பக்கத்து ஆஸ்பத்திரி எதுவோ அங்கே போங்கள். அது எது என்று பகலிலேயே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மயக்கம் இருந்தால் சொந்தக் காரும் கிராப்பும் வேண்டாம், 999-க்கு அழையுங்கள்.

அவசரப் பிரிவு மேசையில்

அங்கே முதலில் நிறம் பிரிப்பார்கள். சிவப்பு உடனடி, மஞ்சள் அடுத்தது, பச்சை என்றால் காத்திருப்பு. 'வயிற்று வலி' என்று மட்டும் சொன்னால் பச்சையில் உட்கார வேண்டியிருக்கும். முதல் வாக்கியத்திலேயே ஸ்கோப் வர வேண்டும். மலாயில் இப்படிச் சொல்லலாம்: "பாகி தாடி சாயா புவாட் கொலொனோஸ்கோபி. செகாராங் பெருட் கிரி அத்தாஸ் சாகிட், பாஹு கிரி புன் சாகிட், ராசா நாக் பெங்சான்." இன்று காலை ஸ்கோப் செய்தேன், இப்போது இடது மேல்வயிறும் இடது தோளும் வலிக்கிறது, மயங்கி விழுகிற மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். நேற்று செய்ததென்றால் 'பாகி தாடி'க்குப் பதில் 'செமாலாம்'. மண்ணீரலுக்கு மலாயில் லிம்பா. பச்சையில் உட்கார வைத்த பிறகு நிலைமை மோசமானால், திரும்பப் போய்ச் சொல்லத் தயங்காதீர்கள். மரியாதைக்காகப் பொறுத்திருக்கும் இடம் அதுவல்ல.

ஸ்கோப் என்றதும் டாக்டர் மனதில் முதலில் வருவது குடலில் ஓட்டை. அது சரியான எண்ணம்தான், மண்ணீரல் காயத்தைவிடப் பல மடங்கு அதிகம் நடப்பது அதுவே. நிற்க வைத்து நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிகிறதா என்று பார்ப்பார். காற்று இல்லை என்றதும் வயிற்று வாயு என்று எழுதி அனுப்பிவிடும் வாய்ப்பு இங்கேதான் வருகிறது. எக்ஸ்ரேயில் காற்று தெரியும், ரத்தம் இப்படித் தெரியாது. பணிவாக, ஆனால் நேராகக் கேளுங்கள்: "டாக்டர், உள்ள ரத்தம் இருக்கான்னு ஸ்கேன்ல பார்த்தீங்களா? மண்ணீரல்ல அடிபட்டிருக்குமா?" பெரும்பாலான டாக்டர்கள் தங்கள் வாழ்நாளில் இப்படி ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மண்ணீரல் என்ற சொல் அந்த அறையில் ஒருமுறை ஒலித்துவிட்டால், அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும், மோட்டார்சைக்கிள் விபத்தில் தினமும் பார்க்கும் காயம்தானே.

படுக்கையருகே வைக்கும் அல்ட்ராசவுண்ட் வயிற்றில் ரத்தம் தேங்கியிருந்தால் காட்டும். தோலுக்கு அடியில் மட்டும் இருக்கும் ரத்தத்தைத் தவறவிடலாம். முடிவாகச் சொல்வது ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் கடைசி கிரியேட்டினின் அறிக்கையைக் கையோடு கொண்டுபோனால், மருந்து ஏற்றலாமா என்ற யோசனை சீக்கிரம் முடியும்.

ஹீமோகுளோபின் முதல் சோதனையில் சரியாக இருப்பதைப் பார்த்து யாரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. ஒரு குடம் பாலில் பாதியைக் கொட்டினாலும் மீதிப் பால் அதே கெட்டியாகத்தான் இருக்கும், தண்ணீர் கலந்த பிறகுதான் நீர்க்கும். ரத்தமும் அப்படியே. உடம்பு நீரை இழுத்து ஈடுகட்டிய பிறகுதான் எண் குறையும். நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது சோதனையோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

தனியார் ஆஸ்பத்திரி என்றால் இன்சூரன்ஸ் கேரண்டி லெட்டருக்காகச் சில சமயம் இரவில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். ஆள் வெளுத்து வியர்த்துக்கொண்டிருக்கும்போது லெட்டருக்காகக் காத்திருக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். முடியாது என்றால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் மாற்றக் கேளுங்கள்.

மூன்று வழி

காயத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். ஆனால் தரத்தைவிட ஆளின் பிரஷர் நிலையாக நிற்கிறதா என்பதுதான் வழியைத் தீர்மானிக்கிறது. நின்றால் கத்தி வேண்டாம். தீவிர கவனிப்பு வார்டில் படுக்கை ஓய்வு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தச் சோதனை, தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுவது. 'ஒண்ணும் செய்யாம சும்மா படுக்க வச்சிருக்காங்க' என்று உறவினர்கள் கோபப்படுவது உண்டு. மண்ணீரலைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

ரத்தம் ஓடுவது சி.டி.யில் தெரிந்து, பிரஷரும் ஓரளவு நின்றால், தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியே மெல்லிய குழாய் விட்டு, மண்ணீரலுக்குப் போகும் தமனியைச் சிறு கம்பிச்சுருளால் அடைப்பார்கள். இந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும், அதுவும் நடுராத்திரியில் இருக்காது. அதற்குப் பிறகு சில நாளைக்கு இடது பக்க வலியும் காய்ச்சலும் வரலாம். மண்ணீரலின் வேலை பெரும்பாலும் மிச்சமாகும்.

பிரஷர் நிற்கவில்லை என்றால் வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்துவிடுவதுதான். அப்போது 'வேற டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றோம்' என்று குடும்பம் வாசலில் கூடி நிற்கக் கூடாது. மண்ணீரல் இல்லாமல் வாழலாம்.

மண்ணீரல் மிஞ்சியவர்கள் வீடு திரும்பியதும் குணமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் மறுபடி உடையும் அபாயம் உண்டு. காயத்தின் அளவைப் பொறுத்து ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை 10 கிலோ அரிசி மூட்டை, கேஸ் தோங் (சிலிண்டர்), தண்ணீர் நிரம்பிய வாளி எதையும் தூக்கக் கூடாது. பந்து விளையாட்டும் மோட்டார்சைக்கிளும் வேண்டாம். தைப்பூசம் அருகில் வந்தால், பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் படியில் காவடியோ பால்குடமோ எடுப்பதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் விமான டிக்கெட்டை டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஸ்கோப் செய்த எல்லாருக்குமே, மறுநாளே சென்னைக்கோ கோலாலம்பூருக்கோ நீண்ட பயணம் வைத்துக்கொள்ளாமல் மூன்று நான்கு நாள் ஊரிலேயே இருங்கள் என்றுதான் சொல்வேன்.

மண்ணீரல் இல்லாதவருக்கு

சில வகைக் கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரலின் வேலை. அது போனபிறகு நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் போன்ற கிருமி புகுந்தால், காலையில் லேசான காய்ச்சலாகத் தொடங்கி இரவுக்குள் உயிரைக் குடித்துவிடலாம். அபூர்வம்தான், ஆனால் அந்த அபாயம் ஆயுள் முழுக்கத் தொடர்கிறது.

அதனால் தடுப்பூசி முக்கியம். நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி) ஆகிய மூன்று கிருமிகளுக்கும் போட வேண்டும். அவசர ஆபரேஷன் என்றால் 14 நாள் கழித்துப் போடுவது வழக்கம். வார்டிலிருந்து கிளம்பும் அவசரத்தில் இந்தத் தேதி விட்டுப்போய்விடும், டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். மெனிஞ்சோகாக்கஸ் ஊசி ஹஜ், உம்ரா போகிறவர்களுக்குப் போடும் கிளினிக்குகளில் கிடைக்கும். சளிக்காய்ச்சல் ஊசி ஆண்டுதோறும். சில ஊசிகளை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருக்கும். முதல் ஓரிரு ஆண்டு தினமும் பெனிசிலின் மாத்திரை கொடுப்பதும், காய்ச்சல் வந்தால் உடனே விழுங்க ஒரு அட்டை ஆண்டிபயாடிக்கைக் கையில் கொடுத்துவைப்பதும் உண்டு.

38 டிகிரி காய்ச்சல் வந்தால் அன்றே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி. நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கி என்று ரத்தம் எடுத்து, நாளைக்கு வரச் சொல்வார்கள். மண்ணீரல் இல்லாதவருக்கு நாளை என்பது தாமதம். "சாயா தியாடா லிம்பா" என்று ஒரு சிறு அட்டையில் (எனக்கு மண்ணீரல் இல்லை) எழுதி, அடையாள அட்டையான மை கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், மயக்கத்தில் கிடந்தாலும் அது பேசும். நாய் கடித்தால், பிராண்டினால்கூட, சிறு காயம் என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். தாமான் நெகாரா போன்ற காட்டுப் பக்கம் போவதென்றால், குரங்கிலிருந்து கொசு வழியே வரும் மலேரியா மலேசியக் காடுகளில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட்டுப் போங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எண்ணிக்கை எகிறும். அப்போது புதிதாக வயிற்று வலி வந்தாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

அடுத்த ஸ்கோப் பற்றியும் எல்லாரும் கேட்பார்கள். பாலிப் இருந்தவர்களுக்குச் சில ஆண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். மண்ணீரலை எடுத்துவிட்டவருக்கு இந்தக் காயம் மறுபடி வர வழியில்லை, ஆனால் ஆபரேஷன் தழும்பால் குடல் ஒட்டியிருக்கலாம் என்பதால் ஸ்கோப் கொஞ்சம் சிரமமாகலாம். மண்ணீரலைக் காப்பாற்றிக்கொண்டவர் பழைய சி.டி. அறிக்கையை எடுத்துக்கொண்டு போய், அனுபவமுள்ள டாக்டரிடம், கார்பன் டை ஆக்சைடு வசதி உள்ள இடத்தில், ஒருநாள் வார்டில் தங்கிச் செய்துகொள்ளலாமா என்று கேட்கலாம். கப்சூல் விழுங்கியோ சி.டி. மூலமோ குடலைப் பார்க்கும் முறைகளும் இருக்கின்றன. பாலிப் தெரிந்தால் எடுக்க எப்படியும் ஸ்கோப்தான் வேண்டும் என்பதால், எது பொருந்தும் என்பதை முதல் ஸ்கோப்பில் என்ன கண்டார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். அந்த அறிக்கையின் நகலையும் சி.டி. அறிக்கையோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.